புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் மருந்து: காலையும் மூச்சையும் கவனியுங்கள்

புராஸ்டேட் புற்றுநோய் முற்றிய நிலையில் உள்ள சிலருக்கு, பெண்களின் உடலில் மிகுதியாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை ஒத்த மருந்தை மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும் நோயாளியின் மனத்தில் பல கேள்விகள் எழுகின்றன. ஆணுக்கு எதற்காகப் பெண் ஹார்மோன்? உடலில் என்னென்ன மாற்றங்கள் ஏற்படும்? இதைப் பிறர் அறிந்தால் என்ன நினைப்பார்கள்? இவற்றை வாய்விட்டுக் கேட்பவர்கள் சிலரே. பலர் கேட்காமலேயே வீடு திரும்புகிறார்கள். சிலர் வீட்டாரிடம்கூட மருந்தின் பெயரைச் சொல்வதில்லை.

இம்மருந்தை எடுத்துக்கொள்வோரின் கவலையெல்லாம் பெரும்பாலும் மார்பகம் பருப்பதைப் பற்றியே இருக்கிறது. அது உண்மையான தொல்லைதான். ஆனால் அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. உயிருக்கு ஆபத்தை உண்டாக்கக்கூடியது இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைதல். அதன் அறிகுறிகள் பெரும்பாலும் காலிலும் மூச்சிலும் தெரியும். அவற்றை உரிய நேரத்தில் அறிந்து மருத்துவமனைக்கு வந்துவிட்டால் சிகிச்சை உண்டு. ஆகவே நோயாளியுடன் இருந்து கவனிப்பவர்களும் இக்கட்டுரையை ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஆணுக்கு ஏன் பெண் ஹார்மோன்?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப் பையின் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றி அமைந்துள்ள சிறு சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய் அணுக்கள் வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் தேவைப்படுகிறது. அந்த ஹார்மோனின் பெரும்பகுதி விரைகளில் சுரக்கிறது. விரைகள் தாமாகச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை ஹார்மோன் வந்தால்தான் அவை வேலை செய்யும்.

இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு உயர்ந்தால், பாலின ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை கணக்கிட்டுக் கட்டளையை நிறுத்திவிடுகிறது. கட்டளை நின்றதும் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. ஊக்கம் கிடைக்காத புற்றுநோய் அணுக்கள் சுருங்குகின்றன. அல்லது வளராமல் அடங்குகின்றன. எலும்பு வலி குறைகிறது, பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையின் அளவும் இறங்குகிறது. விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சையும், மாதந்தோறும் அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசியும் வேறு வழிகளில் இதே பயனைத் தருகின்றன.

இச்சிகிச்சை நோயை அடக்கி வைக்கிறது, வேரோடு நீக்குவதில்லை. வலி நின்றுவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும்.

எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம்

இது புதிதாகச் சோதித்துப் பார்க்கும் மருந்தன்று. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை 1938இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் டாட்ஸ் என்ற அறிவியலாளரின் குழுவினர் உருவாக்கினர். 1941இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் ஆகிய இரு மருத்துவர்கள், விரைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ பரவிய புராஸ்டேட் புற்றுநோய் அடங்குவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஹக்கின்ஸ் அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

தொடக்கத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் இம்மருந்து பரவலாகக் கொடுக்கப்பட்டது. 1960களில் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து நடத்திய ஆய்வுகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. 5 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களில் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைந்தாலும், மாரடைப்பு போன்ற இதய, இரத்தக் குழாய் நோய்களால் இறந்தவர்கள் கூடினர். பின்னர் 1 மில்லிகிராம் அளவைச் சோதித்தபோது, நோயை அடக்குவதில் அது ஏறத்தாழ 5 மில்லிகிராமுக்கு ஈடாக இருந்தது; இதயத்துக்கு நேர்ந்த தீங்கோ குறைவாக இருந்தது. இன்று மருத்துவர்கள் இம்மருந்தைச் சிறிய அளவில் கொடுப்பதற்கு இந்த அனுபவமே காரணம்.

ஆகவே, ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பலன் என்றால் இரண்டு போட்டால் இன்னும் விரைவில் குணமாகும் என்று எண்ணாதீர்கள். அளவு கூடினால் ஆபத்துதான் கூடும்.

யாருக்குக் கொடுக்கிறோம்?

1980களில் ஹார்மோன் ஊசிகள் வந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை முதல்நிலைச் சிகிச்சையிலிருந்து பின்னுக்குச் சென்றது. இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு முதலில் அறுவை சிகிச்சை அல்லது ஊசி. அதனுடன் தேவைக்கேற்பப் புதிய மாத்திரைகளோ கீமோதெரபியோ தரப்படுகின்றன. இவற்றுக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியவர்கள், புதிய மருந்துகளை உடல் ஏற்காதவர்கள், அவற்றின் விலையைத் தாங்க இயலாதவர்கள் ஆகியோரில் சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் இன்னும் பயன்படுகிறது. இதன் விலை குறைவு. மேலும், மற்ற ஹார்மோன் சிகிச்சைகளில் காணப்படும் எலும்புத் தேய்மானமும் திடீரென உடல் கொதிப்பது போன்ற உணர்வும் இதில் குறைவு.

முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கொள்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இம்மருந்து பொதுவாகப் பொருந்தாது. இவற்றில் ஏதேனும் உங்களுக்கு முன்பு இருந்திருந்தால், எத்தனை ஆண்டுகளுக்கு முன்பானாலும் சொல்லிவிடுங்கள். பழைய மருத்துவக் கோப்புகளைக் கொண்டு வாருங்கள். மருந்தைத் தொடங்கும் முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் இதய எக்கோ, கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றைச் செய்யச் சொல்வது இதனால்தான்.

இரத்தம் ஏன் உறைகிறது?

வாய்வழியாக உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைத் தயாரிப்பது கல்லீரல். ஈஸ்ட்ரோஜன் அங்கே மிகுந்த அளவில் வந்து சேரும்போது, அந்தப் புரதங்கள் சில கூடுதலாக உற்பத்தியாகின்றன. உறைதலைத் தடுக்கும் புரதங்கள் சில குறைகின்றன. புற்றுநோயும் இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் இயல்புடையது. இவற்றுடன் முதுமை, புகைபிடித்தல், நீண்ட நேரம் அசையாமல் இருத்தல், உடலில் நீர் வற்றுதல் ஆகியவை சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது.

இவ்வாறு உறையும் இரத்தம் பெரும்பாலும் கெண்டைக்காலின் அல்லது தொடையின் ஆழத்திலுள்ள சிரைகளில் கட்டியாகத் தங்குகிறது. அக்கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு சென்றால் நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்துவிடும். அப்போது திடீரென மூச்சுத் திணறும். இதயத்தின் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் மாரடைப்பு; மூளையின் குழாயில் ஏற்பட்டால் பக்கவாதம்.

ஈஸ்ட்ரோஜனைத் தோலின் மேல் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தால், மருந்து தோல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரலை முதலில் சென்று தாக்குவதில்லை. பிரிட்டனில் 2006இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இவ்வகைப் பட்டைகளையும் ஹார்மோன் ஊசியையும் ஒப்பிட்டது. இதய, இரத்தக் குழாய் நோய்களில் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2021இல் அதன் முடிவு வெளியானது. ஆயினும் பெண்களின் மாதவிடாய் நின்ற பிந்தைய தொல்லைகளுக்கென விற்கப்படும் பட்டையையோ களிம்பையோ நீங்களாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். அளவும் கண்காணிப்பும் வேறு.

ஒரு கால் மட்டும் வீங்கினால்

நமது செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. யானைக்கால் நோய் நெடுங்காலம் காணப்பட்ட பகுதி இது. ஆகவே முதியவர் ஒருவரின் கால் வீங்கினால், "பழைய யானைக்கால்தான்", "நீர் இறங்கியிருக்கிறது", "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிக் காத்திருக்கும் வழக்கம் உண்டு.

யானைக்கால் வீக்கம் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் மெல்ல வளரும், தோல் தடித்துப்போகும். இரத்த உறைவால் வரும் வீக்கம் ஓரிரு நாளில், சில வேளைகளில் ஓர் இரவிலேயே தோன்றும். பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் இருக்கும். கெண்டைக்கால் கனத்து வலிக்கும். தொட்டால் சூடாக இருக்கும். தோல் பளபளப்பாகவோ சிவந்தோ காணப்படும். முன்பே யானைக்கால் உள்ளவருக்கும் அந்தக் கால் திடீரெனக் கூடுதலாக வீங்கினால் அதைப் புதிய அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

இந்த நிலையில் செய்யக்கூடாத செயல் ஒன்று உண்டு. தைலம் தடவிக் காலை உருவிவிடாதீர்கள். அழுத்தித் தேய்ப்பதால் உள்ளே இருக்கும் இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். அன்போடு செய்யும் பணிவிடையே தீங்காக முடிந்துவிடக் கூடாது. காலைச் சற்று உயர்த்தி வைத்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஸ்கேன் எடுத்து உறைவு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இருந்தால், உறைவைத் தடுக்கும் ஊசியும் மாத்திரையும் தொடங்கப்படும். ஈஸ்ட்ரோஜனை நிறுத்திவிட்டு வேறு சிகிச்சை தேர்ந்தெடுக்கப்படும்.

இரண்டு கால்களும் பாதத்தில் சமமாக வீங்கினால், பெரும்பாலும் உடலில் உப்பும் நீரும் தங்குவதே காரணம். அதையும் அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாமல் தெரிவியுங்கள். வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே வர வேண்டும்.

108க்கு அழைக்க வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த வேளை ஈஸ்ட்ரோஜனைக் கொடுக்காமல் உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

1. திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் இரத்தம், மயக்கம்.

2. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி. அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல். உடல் முழுதும் வியர்த்தல். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமல் வியர்வையும் சோர்வும் மட்டும் வரலாம். வாயு என்று எண்ணிச் சோடா குடித்துக் காலத்தைக் கழிக்க வேண்டாம்.

3. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வை மங்குதல். அடைப்பினால் வந்த பக்கவாதத்தில், உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தோடு தொடர்பில்லாத மற்றோர் அவசரநிலையையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியவர்களுக்கு முதுகில் கடும் வலி, இரண்டு கால்களிலும் வலுவின்மை, மரத்துப்போதல், சிறுநீர் வெளியேறாமை ஆகியவை தோன்றினால், தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். மருத்துவர் பார்க்கும் வரை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நடக்கும் நிலையில் வந்து சேருபவர்களுக்கே நடக்கும் ஆற்றலைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கடலோரக் குப்பங்களில் இருப்பவர்களுக்குப் பிரதான சாலைக்கு வந்து சேரவே சற்று நேரமாகும். ஆகவே விடியட்டும் என்று காத்திராமல், அறிகுறி தெரிந்த அந்த நேரத்திலேயே புறப்படத் திட்டமிட்டு வையுங்கள். இரவில் அழைத்துச் செல்லப்போவது யார், கோப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுதல் நல்லது.

மார்பகமும் மனத்தின் கூச்சமும்

ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் ஆண்களில் பெரும்பாலோருக்கு முலைக்காம்பில் கூச்சமும் வலியும் தோன்றி, மார்பகம் ஓரளவு பருக்கிறது. நமது கடற்கரைப் பகுதியில் வலை இழுப்பவரும் சிற்பம் செதுக்குபவரும் மேலாடையின்றி வேலை செய்வது இயல்பு. அப்படி வாழ்ந்தவர் திடீரெனச் சட்டை அணிந்துகொண்டு திண்ணையில் ஒதுங்கி அமர நேர்வது எவ்வளவு சங்கடம் என்பதை மருத்துவர்கள் உணராமல் இல்லை. இந்தச் சங்கடத்தால் மாத்திரையை ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அடுத்த பரிசோதனையில் பி.எஸ்.ஏ. ஏறியிருக்கும்போது, மருந்து பலன் தரவில்லை என்று மருத்துவர் தவறாக முடிவு செய்து சிகிச்சையை மாற்ற நேரிடும். ஆகவே நிறுத்தியிருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

இதற்கு வழிகள் உண்டு. மருந்தைத் தொடங்கும் முன் மார்பகப் பகுதிக்குச் சிறிதளவு கதிர்வீச்சு கொடுத்தால் பருப்பது கணிசமாகக் குறையும். பருத்து நீண்ட நாள் ஆன பிறகு கொடுத்தால் அவ்வளவாகப் பயனில்லை. எனவே கவலை இருந்தால் தொடக்கத்திலேயே கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி தென்பட்டாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

"நான் பெண்ணாக மாறிவிடுவேனா?" என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். மாறமாட்டீர்கள். குரல் மாறாது. உடல் முடி சற்றுக் குறையலாம். பாலுணர்வும் ஆண்குறி விறைப்பும் குறையும். ஆனால் எந்த ஹார்மோன் சிகிச்சையிலும் இது நேர்வதுதான். கணவனும் மனைவியும் இதைச் சேர்ந்து வந்து மருத்துவரிடம் பேசுவது நல்லது. மனைவிக்குக் காரணம் தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது இருவருக்கும் ஆறுதல்.

மாத்திரையை எடுத்துக்கொள்ளும் முறை

நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் சிலருக்குக் குமட்டலைத் தரும். இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டால் அது குறையும். ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றே நினைவுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

மருந்துக் கடையில் அட்டையை வாங்கியதும் பெயரையும் மில்லிகிராம் எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் சார்ந்த மருந்துகள் பலவகை. ஃபாஸ்ஃபெஸ்ட்ரால் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மாத்திரையில் மில்லிகிராம் எண் நூறைத் தாண்டியிருக்கும். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் 1 மில்லிகிராம் எங்கே, அது எங்கே! எண்களை மட்டும் வைத்து ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக்கொள்ளக் கூடாது. கடைக்காரர் வேறு பெயரில் ஏதேனும் கொடுத்தால், போடும் முன் மருத்துவமனையில் காட்டிக் கேளுங்கள்.

எஸ்ட்ராமஸ்டின் என்ற மருந்து எழுதப்பட்டவர்களுக்கு முறை வேறு. அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ தண்ணீருடன் மட்டும் விழுங்க வேண்டும். பால், தயிர், மோர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்ந்தால் அது உடலில் சரியாக ஏறாது. காலைக் காபியோடும் கூடாது. அதிலும் பால் உண்டு.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற மருந்துகள் உடலில் ஈஸ்ட்ரோஜனின் அளவைக் குறைக்கக்கூடியவை. நீங்கள் எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பல் பிடுங்குதல், கண்புரை நீக்குதல் உள்ளிட்ட எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்வதைச் சொல்லுங்கள். எலும்பு முறிந்து படுக்கையில் இருக்க நேர்ந்தால் அன்றே தெரிவியுங்கள்.

சிலருக்கு ஈஸ்ட்ரோஜனோடு சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதப்படும். அது ஆபத்தை முழுவதும் நீக்கிவிடாது. கால் வீக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பு தொடரும். எழுதித் தராதவர்கள் அதைத் தாமாகத் தொடங்கினால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளிலும் எச்சரிக்கை தேவை. புராஸ்டேட்டுக்கு மூலிகை மருந்தென்று அமெரிக்காவில் விற்கப்பட்ட பி.சி.ஸ்பெஸ் என்ற மாத்திரையை ஆராய்ந்தபோது, அதில் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலும் இரத்தத்தை உறையவிடாத வார்ஃபரினும் கலந்திருந்தது தெரியவந்தது. 2002இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சித்த மருத்துவம் எடுத்துக்கொள்ள விரும்பினால், தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் எழுதி வாங்கி, அச்சீட்டையும் எங்களுக்குக் காட்டுங்கள்.

வெயிலும் உப்பும் உட்கார்ந்த வேலையும்

கடலோர வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினால் இரத்தம் உறையும் போக்கு கூடும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் அருந்துங்கள். இதயப் பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள்.

ஈஸ்ட்ரோஜன் உடலில் உப்பைத் தங்கச் செய்யும். புதிய மீன் நல்ல உணவு, தடையில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், உப்பிட்ட வற்றல் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் காலை மடித்து மணிக்கணக்கில் அமர்ந்து உளி பிடிப்பவர்கள். மீனவர்கள் படகில் ஒடுங்கிய இடத்தில் இருப்பவர்கள். சிகிச்சைக்காகச் சென்னைக்குப் பேருந்தில் செல்பவர்களும் காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் உட்காருகிறார்கள். மணிக்கொரு முறை எழுந்து சில நிமிடம் நடங்கள். எழ முடியாத இடத்தில் பாதத்தை மேலும் கீழுமாக இருபது முப்பது முறை அசையுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது சிரையிலுள்ள இரத்தம் மேலேறும். பீடி, சிகரெட் இரண்டையும் விட்டுவிடுங்கள். இம்மருந்தோடு புகை சேர்வது ஆபத்தை இரட்டிப்பாக்குவது போல.

வீட்டார் செய்ய வேண்டியவை

வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அன்று காலையில் எடையைப் பார்த்து எழுதுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் நீர் தங்குகிறது என்று பொருள். தையல் அளவுநாடாவால் இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் அளந்து குறியுங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். கண் மஞ்சளாதல், சிறுநீர் கடும் மஞ்சளாதல், உடல் அரிப்பு ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி எழுதி வையுங்கள். இந்த மருந்து எடுப்பதையும் அவரிடம் தெரிவியுங்கள்.

மாத்திரைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் கருச்சிதைவைத் தடுக்குமென்று டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தனர். அவர்களுக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு இளமையிலேயே அரிய வகைப் புற்றுநோய் வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1971இல் கண்டறிந்தனர். ஆகவே கருவுற்றவர்கள் இம்மாத்திரையை உட்கொள்ளவே கூடாது. உடைந்த மாத்திரையைக் கையாளுவதையும் தவிர்க்க வேண்டும். தோல் பட்டை பயன்படுத்துபவர்கள், கழற்றிய பட்டையை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்துக் குழந்தைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

சட்டைப் பையில் ஒரு சீட்டு

ஒரு சிறு அட்டையில் ஐந்து செய்திகளை எழுதிச் சட்டைப் பையிலோ பணப்பையிலோ எப்போதும் வைத்திருங்கள்: புராஸ்டேட் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் மருந்தின் பெயரும் அளவும், தொடங்கிய தேதி, மற்ற நோய்களும் மருந்துகளும், உறவினரின் தொலைபேசி எண். சாலையோரத்தில் மயங்கி விழுந்தவரை யாரேனும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டு சேர்க்கும்போது, அங்குள்ள மருத்துவர் நுரையீரல் அடைப்பை முதலிலேயே சந்தேகிக்க அந்தச் சீட்டு உதவும். இம்மருந்தை எடுப்பதை மறைத்து வைத்தால் அந்த உதவி கிடைக்காது.

அடுத்த முறை புறநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது எடை, கெண்டைக்கால் அளவு, இரத்த அழுத்தம் எழுதிய தாளையும் மருந்துப் பையையும் கொண்டு வாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சிகிச்சையை மாற்ற நேர்ந்தால் தேவைப்படும். கூச்சத்தால் கேட்காமல் விட்ட கேள்வி ஏதேனும் இருந்தால், அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாலும் போதும். மருத்துவர் படித்து விடை சொல்வார்.